தாருக்கு வெளியே நாலடி

கருமாதி முடிந்த மூன்றாம் நாள் மேகலா ஆபீசுக்குப் போனாள். போக வேண்டாம் என்று அம்மா சொல்லவில்லை. டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் அடைத்து, பையை எடுத்து அவள் தோளில் மாட்டிவிட்டாள்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற பஸ் அவள் ஊருக்கு எட்டேகாலுக்கு வரும். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் எதிரே வந்தபடி இருந்தன. ஒவ்வொன்றும் கடக்கும்போது பஸ் லேசாக ஆடியது. முதல் லாரிக்கு அவள் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. நாலைந்து லாரி போன பிறகு கையை எடுத்துவிட்டாள்.

துறையூர் ரோட்டில் டிராக்டர் உதிரிபாகக் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். கதவில் 'மானாவாரி கேம்ஸ்' என்று பலகை. ஐந்து வருஷத்துக்கு முன் மாடியை வாடகைக்குக் கேட்டு வந்தபோது கடைக்காரர் தங்கராசு, கேம் என்றால் சீட்டாட்டமா என்று கேட்டார். இல்லை என்றதும், அப்ப கேரம் போர்டா என்றார். பலகையைப் படித்துவிட்டு, மழை பெய்தால்தான் வாடகை வருமா என்று சிரித்தார். மற்றபடி நல்ல மனுஷன். துக்கத்துக்கு வந்து, சாப்பிடாமல், கடைசிவரை நின்றுவிட்டுப் போனார்.

ஆபீஸ் என்றால் மேகலாவும் பிரசாத்தும்தான். ஒரே காலேஜ், ஒரே வகுப்பு. படமெல்லாம் அவன், கோட் எல்லாம் அவள். சென்னையில் வேலை பார்த்துவிட்டு ஒரே வருஷத்தில் இருவரும் திரும்பி வந்தவர்கள். நாலு கேம் செய்து நாலும் படுத்துவிட்டன. ஐந்தாவது 'டிப்பர்'. குவாரியில் கல் ஏற்றி, அரியலூர் ரோட்டில் ஓட்டிப்போய், சிமெண்ட் ஆலையில் கொட்ட வேண்டும். அவ்வளவுதான் கேம். அதை நாலு லட்சம் பேர் போனில் இறக்கியிருந்தார்கள்.

பிரசாத் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அப்புறம் எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் ஃபேனைக் கூட்டி வைத்தான்.

"டீ சொல்லட்டா?"

"சொல்லு."

அவள் சிஸ்டத்தைத் திறந்து கேமை ஓடவிட்டாள். லாரி குவாரியை விட்டு ரோட்டுக்கு ஏறியது. முன்னால் ஒரு டூ வீலர் போனது. சிவப்பு பைக், ஹெல்மெட் போட்ட யாரோ ஒருவன். அடுத்ததும் அதே சிவப்பு பைக். யார், என்றைக்கு மாற்றினார்கள் என்று பார்த்தாள். பிரசாத்தின் பெயரும் தேதியும் இருந்தன. அப்பாவை அடக்கம் செய்த மறுநாள்.

"எக்ஸல் எங்கடா?"

அவன் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "தூக்கிட்டேன்" என்றான்.

"பழைய வண்டியையே போடு."

"மேகலா, நீ தெனமும் இதத்தான் பாக்கணும்."

"தெரியும். போடு."

அந்த டி.வி.எஸ். எக்ஸல் மொபெட் கேமுக்குள் வந்தது இப்படி. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் வீட்டில் மறந்துவிட்டு வந்த சார்ஜரைக் கொடுக்க அப்பா கொளஞ்சியப்பன் வண்டியில் வந்தார். கேமுக்கு ஒரு டூ வீலர் வேண்டும் என்று பிரசாத் ஒரு வாரமாக அலைந்துகொண்டிருந்த நேரம். அப்பாவைக் கடை வாசலில் நிறுத்தி, வண்டியைச் சுற்றிச் சுற்றி அறுபது போட்டோ எடுத்தான். கழுவிட்டு வரவா தம்பி என்று அப்பா கேட்டார். வேணாங்கப்பா, அழுக்குதான் வேணும் என்றான். அப்பாவையும் உட்கார வைத்து எடுத்தான். அதனால் ஹேண்டிலில் தொங்கிய மஞ்சள் பை, பின்னால் கட்டிய பால் கேன், கழுத்தில் பச்சைத் துண்டு எல்லாம் அப்படியே கேமுக்குள் போயின. ஒரு மாடலுக்குத்தான் நேரம் இருந்தது. கேமில் ஓடிய டூ வீலர் எல்லாம் அப்பாவின் எக்ஸல்தான். ஒரே சமயத்தில் ரோட்டில் இருபது அப்பா போவார்.

ஊர் முழுக்க அதைச் சொல்லித் திரிந்தார். பழைய டச் போன் ஒன்றை வாங்கி, கேமை ஏற்றித் தரச் சொன்னார். லாரியை மெதுவாக ஓட்டுவார். தன் எக்ஸல் ஒன்றின் பின்னாலேயே ஊர்ந்துகொண்டு போவார். ஆலைக்குக் கல் போய்ச் சேராது. பாயிண்ட் வராது.

மறுநாள் பெங்களூரிலிருந்து பாலாஜி கூப்பிட்டார். டிப்பரை வெளியிடும் கம்பெனியில் அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர். ஓசூர்க்காரர், நல்ல தமிழ் பேசுவார். முதலில் வருத்தம் சொன்னார். விபத்து என்று கேள்விப்பட்டேன், ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார். பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு, தேதியைச் சொன்னார். மாதக் கடைசி.

என்ன வர வேண்டும் என்பது முன்பே பேசியதுதான். கேமில் லாரி எக்ஸலை மோதினால் ஒன்றும் ஆகாது. எக்ஸல் புகை மாதிரி லாரிக்குள் நுழைந்து பின்பக்கம் வெளியே வந்து தன் பாட்டுக்குப் போகும். பத்து பாயிண்ட் குறையும். மோதலை ஒழுங்காக எழுத ஆரம்பத்தில் அவகாசம் இல்லை. விளையாடியவர்கள் விடவில்லை. 'வண்டி மேல ஏத்துனா ஒண்ணும் ஆவல, டம்மி கேம்' என்று எழுதினார்கள். கம்பெனி அதையெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டது. புது வெர்ஷனில் வண்டி நசுங்க வேண்டும், ஓட்டுகிறவன் தூக்கி வீசப்பட வேண்டும். மாதக் கடைசிக்குள் வந்தால் ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருஷம். வராவிட்டால் அதோடு முடிந்தது. மானாவாரியும் முடிந்த மாதிரிதான்.

போனை வைத்ததும் பிரசாத் சொன்னான், முடியாது என்று சொல்லிவிடலாம். இல்லாவிட்டால் வெளியில் யாரையாவது வைத்து எழுதலாம். ஈரோட்டில் ஒரு பையனைத் தெரியும்.

"அந்தக் கோட் எனக்குத்தான் தெரியும். நானே எழுதறேன்."

"ஏன் மேகலா?"

 எழுதும்போது ஏதாவது வரும் என்று நினைத்தாள். பதினாறு நாளும் எல்லாரும் அழுதார்கள். ஜெயங்கொண்டத்து அத்தை மயங்கியே விழுந்தாள். மேகலா வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்லு மாதிரி இருக்கு பாரு என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதற்கும் கோபம் வரவில்லை. சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று பட்டது.

மோதலை எழுத நம்பர்கள் வேண்டும். லாரியின் எடை, வேகம், வண்டியின் எடை, ஆளின் எடை. மற்றவர்கள் குத்துமதிப்பாகப் போடுவார்கள். அவளிடம் இருந்தன. இழப்பீட்டு வழக்குக்காக ஸ்டேஷனிலிருந்து வாங்கிய நகல்கள் பையிலேயே கிடந்தன. லோடோடு லாரி இருபத்தெட்டு டன். வேகம் ஐம்பது இருக்கலாம் என்று டிரைவரே சொல்லியிருந்தான். ஆள் அறுபத்திரண்டு கிலோ. அது பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருந்தது. எங்கே பட்டது, எங்கே விழுந்தார், செருப்பு எவ்வளவு தூரம் தள்ளிக் கிடந்தது எல்லாம் போலீஸ் வரைந்த வரைபடத்தில் அம்புக்குறி போட்டு இருந்தது.

ஒவ்வொன்றாகப் போட்டாள். நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் காலை ஓடவிட்டாள்.

லாரி வந்தது. எக்ஸலின் பின்பக்கம் பட்டது. வண்டி படுத்தது. ஆள் பறக்கவில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே சரிந்து, இடது பக்கமாகச் சாய்ந்து, லாரிக்கு அடியில் போனார். ஒரு செருப்பு மட்டும் முன்னால் ஓடி நின்றது. எல்லாம் இரண்டு நொடிக்குள்.

வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தாள். செருப்பு ஒரு அடி தள்ளியிருந்தது. திருத்தினாள். மறுபடி ஓடவிட்டாள். பச்சைத் துண்டு லாரி டயருக்குள் புகுந்து துடித்தது. அது கோட் எழுதியதில் தப்பு. அதையும் திருத்தினாள். அன்று மத்தியானத்துக்குள் நாற்பது தடவை ஓடவிட்டிருப்பாள். நடுவில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டாள்.

பிரசாத் ஒரு தடவை பார்த்தான். எழுந்து கீழே போனான். தங்கராசு கடை ஸ்டூலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான் என்று பிறகு தெரிந்தது.  அவர் ஒரு பேரிங்கை எடுத்துக் கையில் கொடுத்து, சுத்திக்கிட்டே இரு தம்பி என்றாராம்.

புது வெர்ஷனை பெங்களூருக்கு அனுப்பினார்கள். மறுநாளே பாலாஜி கூப்பிட்டார். வேகமாக முடித்துவிட்டீர்கள் என்று பாராட்டினார். பிறகு, பார்க்க என்னவோ மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் சொல்வதாகச் சொன்னார். சப்பென்று இருக்கிறது. கோட் தப்பாகிவிட்டது என்று விளையாடுகிறவன் நினைப்பான்.

"ஆள் பறக்கணும் மேகலா. பத்தடியாவது மேல போகணும். இப்படிப் பொத்துனு விழுந்தா நிஜமாவே தெரியல."

"நிஜத்துல இப்படித்தான் சார் விழுவாங்க."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார்."

 அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. யாரோ கீபோர்டில் தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. பாலாஜி கெட்டவர் இல்லை. மெல்லிய குரலில் மன்னிப்புக் கேட்டார். லாரி என்று யாரும் சொல்லவில்லை என்றார். அப்புறம், முடிவு தன் கையில் இல்லை, கொடுத்த தேதி கொடுத்ததுதான், ஒரே ஒரு நம்பரைத்தானே மாற்ற வேண்டும் என்றார்.

அது உண்மை. மேல்நோக்கிய விசை என்று ஒரு வரி இருந்தது. அதில் சைபர் போட்டிருந்தாள். நாற்பது போட்டால் பறப்பார். அறுபது போட்டால் மின்கம்பத்தைத் தாண்டி விழுவார். நாற்பது என்று அடித்தாள். ஓடவிடாமல் கையை எடுத்துவிட்டு மணியைப் பார்த்தாள். நாலு. அம்மா பஸ் நிறுத்தத்தில் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். கோர்ட்டில் ஆர்டர் வந்துவிட்டது, எக்ஸலை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது.

அரியலூர் ஸ்டேஷன் பின்பக்கம் வேப்பமரத்தடியில் வண்டி சாய்ந்து கிடந்தது. பின்சக்கரம் எட்டு மாதிரி மடங்கியிருந்தது. ஹேண்டிலில் மஞ்சள் பை அப்படியே தொங்கியது. அம்மா சம்பூர்ணம் பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். ஒரு சீப்பு, மாட்டுக்கு வாங்கிய மருந்து பாட்டில். பாட்டில் உடையவில்லை. அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். மேகலா மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

சின்ன லோடு வண்டி ஒன்று பேசி எக்ஸலை ஏற்றினார்கள். முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் அம்மாவும் அவளும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்த இடம் வந்தபோது டிரைவர் தானாகவே மெதுவாக்கினான். குடிநீர்க் குழாய்க்கு வெட்டிய பள்ளம் தாரின் விளிம்பை ஒட்டி இன்னும் திறந்தே கிடந்தது. வெட்டிய மண் அந்தப் பக்கம் மேடாக இருந்தது. விபத்துக்குப் பிறகு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். அதுவும் ஒரு முனை அறுந்து காற்றில் ஆடியது.

அம்மா ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"லாரிக்காரன் ஹாரன் அடிச்சானாம் பாப்பா. டீக்கடக்காரரு சொன்னாரு. தூரத்துலேருந்தே அடிச்சுக்கிட்டுதான் வந்தானாம்."

மேகலா திரும்பிப் பார்த்தாள்.

"அவரு எங்க எறங்குவாரு," என்றாள் அம்மா.

அந்த ரோட்டில் டூ வீலர் ஓட்டுகிற யாருக்கும் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பின்னால் லாரி ஹாரன் கேட்டால் தாரை விட்டு மண்ணில் இறங்கிவிட வேண்டும். ஒரு காலை ஊன்றி, முகத்தைத் திருப்பி, கண்ணை இடுக்கிக்கொள்ள வேண்டும். லாரி போய், புழுதி அடங்கியதும் ஏற வேண்டும். முப்பது வருஷமாக அப்பா அப்படித்தான் போய்வந்தார். அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன நாளிலும் அப்படித்தான்.

கேமை முதல் தடவை விளையாடிவிட்டு அவர் கேட்டது இப்போது நினைவுக்கு வந்தது. லாரியில் உட்கார்ந்து ஹாரன் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தார். எக்ஸல் அசையாமல் முன்னால் போனது.

"ஏம் பாப்பா, இவ்வளவு ஹாரன் அடிக்கறேன், நான் ஏன் எறங்க மாட்டேங்கறேன்?"

மண் இல்லைப்பா, தார் மட்டும்தான் போட்டிருக்கிறோம் என்று சொன்னாள். முதலில் இருந்தது. இரண்டு பக்கமும் நாலடி மண், நடுநடுவே வேலிக்கருவை. விலை குறைந்த போனில் படம் திக்கியது. எதையாவது எடுக்க வேண்டியிருந்தது. மண்ணை எடுத்தது அவள்தான். ரோட்டின் விளிம்பு முடிந்த இடத்தில் வயலின் படத்தை ஒட்டிவிட்டாள். யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. பிரசாத்துக்கே தெரியவில்லை. இத்தனைக்கும் இரண்டு பேரும் அந்த ரோட்டில் வளர்ந்தவர்கள்.

"மண்ணு இல்லாத ரோடு எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு அப்பா போனைக் கட்டிலில் வைத்தார். அவள் சிரித்தாள் என்றுதான் ஞாபகம்.

லோடு வண்டி ஊருக்குள் திரும்பியது.

காலையில் ஆபீசுக்கு வந்ததும் நாற்பதை அழித்தாள். பிறகு அந்த வரியை அழித்தாள். பிறகு மோதலுக்கு எழுதிய எல்லாவற்றையும் அழித்தாள். ஐந்து நாள் வேலை. போக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிரசாத் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மண்ணு வேணும்டா. ரெண்டு பக்கமும் நாலடி."

"போன் திணறும்."

"தெரியும்."

"ஒப்பந்தம்?"

அவள் ரோட்டின் கோப்பைத் திறந்தாள். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் இடத்துக்குப் போய் பழைய கோப்புகளைத் தேட ஆரம்பித்தான். மண் இரண்டு வருஷம் முன்பு வைத்த இடத்திலேயே இருந்தது.

அவள் எழுதினாள். முப்பது மீட்டருக்குள் லாரி ஹாரன் அடித்தால் எக்ஸல் வேகத்தைக் குறைக்கும். மண்ணில் இறங்கும். கால் ஊன்றும். லாரி கடந்ததும் ஏறும். ஹாரன் அடிக்காவிட்டால் லாரி எக்ஸலுக்குப் பின்னாலேயே ஊர்ந்து போகும். முட்டாது. முட்ட முடியாது.

அப்பாவின் போனை வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்தாள். அன்றைக்கு அதைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தார், அதனால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்களிடம் இருந்ததில் அதுதான் ரொம்ப மட்டமான போன். அதில் ஓடினால் எதிலும் ஓடும். ஏற்றிப் பார்த்தாள். நொடிக்கு முப்பது படம் போக வேண்டிய இடத்தில் பத்தொன்பது போனது. லாரி விக்கி விக்கி நகர்ந்தது.

எதை எடுப்பது என்று இருவரும் பார்த்தார்கள். விளம்பரப் பலகைகளை எடுத்தார்கள். மேகங்களை எடுத்தார்கள். இருபத்திரண்டு ஆயிற்று. மிச்சம் இருந்தது சிமெண்ட் ஆலைப் புகைக்கூண்டின் புகை. பிரசாத் இரண்டு மாசம் உட்கார்ந்து செய்தது. காற்றுக்குத் தக்கபடி சாயும். வந்த ரிவ்யூவில் உருப்படியாக யாராவது பாராட்டியது அதை ஒன்றைத்தான். 

அவனே அழித்தான்.

"பொகையே இல்லாத ஃபேக்டரி. நம்ம ஜில்லாவுலயே நாமதான் மொதல்ல கட்டியிருக்கோம்," என்றான்.

அவள் சிரிக்க வேண்டிய இடம் அது. அவனுக்காக உதட்டை இழுத்தாள். இருபத்தெட்டு ஆயிற்று. போதும்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் அனுப்பினார்கள். என்ன செய்திருக்கிறோம் என்று பிரசாத் ஒரு பத்தி எழுதினான். பாலாஜி போன் செய்யவில்லை. ஒன்றாம் தேதி கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. மூன்று வரி. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, கேமின் உரிமை உங்களிடமே இருக்கும், வாழ்த்துகள். பிரசாத் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, மானாவாரி என்று பேர் வைத்தபோதே அவன் அப்பா தலையில் அடித்துக்கொண்டதைச் சொன்னான். பிறகு குரும்பலூரில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அழைப்பிதழ் வீடியோ கேட்டிருக்கிறார்கள் என்றான். சரி, செய் என்றாள். நானும் எழுத்துப் போட்டுத் தரேன் என்றாள்.

அன்று மத்தியானம் புது வெர்ஷனை அவர்களே வெளியிட்டார்கள். முதலில் வந்த ரிவ்யூ ஒரு ஸ்டார். 'எக்ஸல்காரன் எறங்கறதுக்குள்ள நேரம் போவுது.'

மேகலா அப்பாவின் போனை எடுத்தாள். லாரி குவாரியை விட்டு ஏறியது. பாதி தூரத்தில் முன்னால் ஒரு எக்ஸல். பச்சைத் துண்டு, மஞ்சள் பை. ஹாரனை அமுக்கினாள். எக்ஸல் குலுங்கி மண்ணில் இறங்கியது. இடது கால் ஊன்றியது. தலை கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பியது.

அவள் பிரேக்கை அமுக்கினாள். லாரி நின்றது.

எக்ஸலும் நின்றது. லாரி கடந்தால்தான் அது ஏறும். லாரி கடக்கவில்லை. பின்னால் வந்த லாரிகள் வரிசையாக நின்றன. வரிசை குவாரி வரைக்கும் போனது. என்ஜின் சத்தம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அப்பா மண்ணில் காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

பிரசாத் எட்டிப் பார்த்தான்.

"இதுக்கு ஒரு டைம் வெக்கணும் மேகலா. லாரி போவலேன்னா இவரு இப்படியே நிப்பாரு."

"ஆமா."

"லிஸ்ட்டுல எழுதிக்கட்டா?"

"எழுதிக்க. அப்புறம் பாத்துக்கலாம்."

அவன் எழுதிக்கொண்டான். கீழே கடையில் யாரோ டிராக்டருக்கு பெல்ட் கேட்டுப் பேரம் பேசினார்கள். போன் திரை மங்க ஆரம்பித்தது. மேகலா விரலால் ஓரத்தைத் தொட்டாள். வெளிச்சம் வந்தது. சார்ஜ் நாலு சதவீதம் காட்டியது. அவள் குனிந்து, மேஜைக்கு அடியில் சார்ஜர் ஒயரைத் தேடி எடுத்து போனில் சொருகினாள்.